ஆர்டினன்ஸ், ஆர்ட்னன்ஸ்: புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் இடையே

மெய்ப்புநோக்கி எழுதியது:

இந்தியப் பாதுகாப்புத் துறையின் உற்பத்திச் சாலைகளைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றின் தமிழாக்கம் மெய்ப்புக்காக என்னிடம் வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு பொதுவாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓர் அத்தியாயத்தில் 'அவசரச் சட்டத் தொழிற்சாலை வாரியம்' என்றொரு நிறுவனம் வருகிறது. அடுத்த பக்கத்திலேயே '2021 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் படைக்கலன் ஒன்றைப் பிறப்பித்தார்' என்று ஒரு வாக்கியம் நிற்கிறது. மூலத்தை எடுத்து ஒப்பிட்டபோது முன்னதில் ஆர்ட்னன்ஸ் என்றும் பின்னதில் ஆர்டினன்ஸ் என்றும் அச்சாகியிருப்பதைக் கண்டேன். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரேயோர் 'ஐ' மட்டுமே கூடுதல் குறைவு. தமிழில் எழுதினாலோ 'ட்' என்று புள்ளி வைப்பதா, 'டி' என்று மேல்விலங்கு இடுவதா என்ற அளவில்தான் வேறுபாடு. கணினியின் பிழைதிருத்தி இரண்டையும் சரியென்றே விட்டுவிடுகிறது, ஏனெனில் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்.

இவை ஒரே சொல்லின் இரு எழுத்துமுறைகளா, அல்லது தற்செயலாக ஒத்திருக்கும் வெவ்வேறு சொற்களா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். எதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை நூல் முழுவதும் சீராகப் பயன்படுத்தலாம் என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

ஐயா, 'ஐ' உள்ள ஆர்டினன்ஸ் சட்டத்தைச் சேர்ந்த சொல். 'ஐ' இல்லாத ஆர்ட்னன்ஸ் படையைச் சேர்ந்த சொல். உங்கள் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்.

சட்டத்தைச் சேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒருசேரக் கூட்டத்தொடரில் இல்லாத வேளையில், அதாவது ஓர் அவையேனும் கூடாதிருக்கும்போது, உடனடி நடவடிக்கை தேவைப்படும் சூழ்நிலை இருப்பதாகக் குடியரசுத் தலைவர் கருதினால், அரசமைப்பின் 123ஆம் உறுப்பின்படி அவர் ஆர்டினன்ஸ் பிறப்பிக்கலாம். அந்த 'உடனடி' என்பதிலிருந்துதான் நம்முடைய 'அவசரச் சட்டம்' என்ற பெயருக்குப் பொருத்தம் வருகிறது. மாநிலங்களில் ஆளுநருக்கு இதே அதிகாரத்தை 213ஆம் உறுப்பு தருகிறது. புதுச்சேரியின் நிர்வாகிக்கென்று 239பி என்ற தனி உறுப்பே இருக்கிறது. அவசரச் சட்டத்துக்குச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்துக்குரிய அதே வலிமை உண்டு. இதனை அரசாணையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அரசாணை என்பது நிர்வாகம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுப் போடும் உத்தரவு. அதனால் ஒரு சட்டத்தைத் திருத்த முடியாது, அவசரச் சட்டத்தால் முடியும்.

ஆனால் அதன் ஆயுள் குறுகியது. அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் முடிந்ததும், அதற்குள் அதன் இடத்தில் சட்டம் வராவிட்டால், அது தானாகவே செயலற்றுப்போகும். 2017 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்காகப் பிறப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டு அவசரச் சட்டம் இந்தக் கெடுவுக்குள் சிக்கவில்லை: 21ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது, 23ஆம் நாளே பேரவையில் சட்ட முன்வடிவாக நிறைவேறியது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்த 2022ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் கதை வேறு. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று பேரவை கூடியது; சில நாள்களிலேயே முன்வடிவும் நிறைவேறியது; ஆனால் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காததால் நவம்பர் இறுதியில் ஆறு வாரக் கெடு முடிந்து அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. ஒப்புதல் கிடைத்துச் சட்டமானது 2023 ஏப்ரலில்தான்.

இந்தக் கெடுவை ஏய்ப்பதற்காக, காலாவதியாகும் அவசரச் சட்டத்தையே மறுபடியும் மறுபடியும் பிறப்பித்துக்கொண்டிருந்த மாநிலமும் உண்டு. பீகாரில் 1967க்கும் 1981க்கும் இடையில் 256 அவசரச் சட்டங்கள் இவ்வாறு நீட்டிக்கப்பட்டன என்றும், அவற்றுள் சில பதினான்கு ஆண்டுகள் வரை உயிரோடு வைக்கப்பட்டிருந்தன என்றும் டி.சி. வாத்வா என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அது அரசமைப்பின் மீது செய்யப்படும் மோசடி என்று நீதிமன்றம் 1986 டிசம்பரில் கூறியது; 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை மீண்டும் உறுதி செய்தது.

இனி உங்கள் நூலில் உள்ள அந்த வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் தடுமாறியதில் வியப்பில்லை, ஏனெனில் 2021 ஜூன் 30 அன்று பிறப்பிக்கப்பட்டது ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலைகளைப் பற்றிய ஓர் ஆர்டினன்ஸ். அத்தொழிற்சாலைகளை நிறுமங்களாக மாற்றும் முடிவை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்த நேரத்தில், இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தருவதற்காக அது வந்தது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கிவிட்டது. இரு சொற்களும் ஒரே பத்தியில் தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் இதைவிட வேறெங்கும் கிடைக்காது.

ஆவடி வாசி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா ஆர்ட்னன்ஸைப் 'படை' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டார். அங்கேதான் சிக்கலே இருக்கிறது. நூலில் 'படைக்கலன்' என்று வருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். படைக்கலன் என்றால் வாள், வேல், துப்பாக்கி, பீரங்கி. ஆவடியில் ஆர்ட்னன்ஸ் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஒரு தொழிற்சாலையில் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கிறார்கள். ஆர்ட்னன்ஸ் குளோதிங் ஃபேக்டரி என்பது அதன் பெயர்; ஊரில் அதனை ஓ.சி.எஃப். என்று மட்டுமே சொல்வோம். தையல் இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஓடும் அந்த இடத்தைப் 'படைக்கலன் உடைத் தொழிற்சாலை' என்று எழுதினால், கவசமும் கேடயமும் அடிக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

ஆர்ட்னன்ஸ் என்ற சொல் ஒரு புறம் பீரங்கியையும் குண்டையும் குறிக்கிறது; இன்னொரு புறம் படைக்கு வேண்டிய உடை, கூடாரம், உதிரிப் பொருள், வெடிமருந்து அனைத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. தரைப்படையில் ஆர்ட்னன்ஸ் கோர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொருள்களைக் கொள்முதல் செய்து, சேமித்து, தேவைப்படும் அணிகளுக்கு வழங்குவதே அதன் வேலை. இந்த அகலமான பொருளுக்குத் தமிழில் 'தளவாடம்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

மக்கள் இந்தப் பொதுச்சொல்லைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சியில் இருப்பது துப்பாக்கித் தொழிற்சாலை, நீலகிரியில் அருவங்காட்டில் இருப்பது வெடிமருந்துத் தொழிற்சாலை. அதனதன் வாசலிலிருந்து என்ன வெளியே வருகிறதோ அதுவே அதன் பெயர். நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. உங்கள் நூலிலும் ஒவ்வொரு தொழிற்சாலையையும் ஊரார் அழைக்கும் பெயரால் குறித்துவிட்டு, ஒட்டுமொத்த அமைப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'தளவாடத் தொழிற்சாலை வாரியம்' என்று போடலாம் என்பது என் கருத்து.

அந்த வாரியமும் இப்போது இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுமங்களாகப் பிரிக்கப்பட்டன. ஓ.சி.எஃப். ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற நிறுமத்தின் கீழ்ப் போயிற்று; அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியாவிடம் போயிற்று; டாங்கு செய்யும் எங்கள் கனரக வாகனத் தொழிற்சாலையான எச்.வி.எஃப்., ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகமில் சேர்ந்தது. புதிய ஏழு நிறுமங்களுள் ஒன்றின் பெயரிலாவது ஆர்ட்னன்ஸ் என்ற சொல் இல்லை.

சொல்வேர் எழுதியது:

முதல் கேள்விக்கு, அதாவது ஒரே சொல்லா இரு சொற்களா என்பதற்கு, இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பிறப்பால் ஒரே சொல், வளர்ப்பால் இரண்டு.

'ஒழுங்குபடுத்து, வரிசைப்படுத்து' என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சில் 'ஒழுங்கு, ஏற்பாடு, கட்டளை' என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் உருவாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டளை என்ற கிளை சட்டத்தின் பக்கம் சென்றது. ஏற்பாடு என்ற கிளை, போருக்கான ஏற்பாடு, போருக்கான கருவிகள், இறுதியில் குறிப்பாகப் பீரங்கி என்று சென்றது. நெடுங்காலம் இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் எழுதினார்கள். பீரங்கியைக் குறிக்கவும் 'ஐ' சேர்த்த வடிவம் வழங்கியது. பேச்சில் நடு உயிர் தேய்ந்து உண்டான குறுகிய வடிவம் பதினேழாம் நூற்றாண்டில் பீரங்கிக்கும் தளவாடத்துக்கும் நிலைத்துப்போக, முழு வடிவம் சட்டத்துக்கென்று நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப் பிரித்துக்கொள்ளவே இல்லை. அவர்களிடம் ஒர்தொனான்ஸ் என்ற ஒரே சொல் அரசு பிறப்பிக்கும் ஆணையையும் குறிக்கிறது, மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டையும் குறிக்கிறது. 1445இல் ஏழாம் சார்லசு மன்னர் அமைத்த நிலைப்படை அணிகளுக்கும் இதே சொல்தான் பெயராக இருந்தது.

ஆங்கிலத்தில் 'ஐ' இல்லாத வடிவம் விட்டுச்சென்ற தடயங்களுள் எல்லாருக்கும் தெரிந்தது பிரிட்டனின் நிலப்பட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே. மலையேறுபவர்களும் நடைப்பயணம் போகிறவர்களும் கையில் வைத்திருக்கும் நிலப்படங்களை வெளியிடும் நிறுவனத்துக்குப் பீரங்கியின் பெயர் எப்படி வந்தது என்றால், அதனைத் தொடங்கியதே பீரங்கி வாரியம்தான். 1745இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பின், அந்த மலைநாட்டை அறியாமல் படை நடத்த முடியாது என்று உணர்ந்து வில்லியம் ராய் என்பவரைக் கொண்டு அளக்கச் செய்தார்கள். பின்னர் பிரெஞ்சுப் படையெடுப்பு குறித்த அச்சம் மிகுந்த காலத்தில், 1791இல், தென் கடற்கரையைத் துல்லியமாக அளக்கும் பணி அந்த வாரியத்தின் பொறுப்பில் தொடங்கியது. 1801இல் வெளிவந்த முதல் படம் கென்ட் மாவட்டத்துக்கானது. எதிரி கரையிறங்கினால் முதலில் கால் வைக்கும் நிலம் அதுவே. 1855இல் வாரியம் கலைக்கப்பட்டது. நிலப்படத்தில் மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டது. இதனை 'ஆர்டினன்ஸ் சர்வே' என்று தவறாக எழுதுபவர்கள் ஆங்கிலேயர்களிடையேயே ஏராளம்.

எழுத்தெண்ணி எழுதியது:

சொல்வேர் நண்பரின் விளக்கத்தில் ஓரிடம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சுவையானது. ஆங்கிலேயர் நடுவில் இருந்த உயிரை விழுங்கியதால் ஆர்ட்னன்ஸ் பிறந்தது. நம்மவர்கள் அந்த உயிரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறோம்.

'ட்ன' என்ற மெய்ம்மயக்கம், அதாவது மெய்கள் அடுத்தடுத்து நிற்கும் சேர்க்கை, தமிழில் இல்லை. வல்லின மெய்யை அடுத்து மெல்லின மெய் வந்தால் தமிழ் நாக்கு இடையில் ஓர் உயிரை நுழைத்தே ஒலிக்கும். வடசொற்கள் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்ததும் இதுவே: பத்நி பத்தினி ஆயிற்று, ரத்நம் இரத்தினம் என்றும் அரதனம் என்றும் ஆயிற்று. இவ்வாறு உயிர் இடையில் தோன்றுவதை நன்னூல் விதியாகவே வகுத்திருக்கிறது. ஆகவே ஆவடிக்குப் போகும் பேருந்தில் அமர்ந்துகொண்டு ஒருவர் 'ஆர்டினன்ஸ் ஃபேக்டரி' என்று சொன்னால் அது அறியாமை என்று நகைக்கக் கூடாது. அவருடைய நாக்கு நன்னூலின்படி நடக்கிறது. ஆனால் காதால் கேட்டதை எழுத்தில் பெயர்க்கும்போது அந்த இகரம் சட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதால், மெய்ப்பு நோக்குபவர் ஒலியை நம்பாமல் வாக்கியத்தை நம்ப வேண்டும்.

வாக்கியத்தில் பார்க்க வேண்டியவை எளியவை. ஆர்ட்னன்ஸ் பொதுவாகப் பன்மை ஏற்காது. நெல், மணல் என்பது போலத் திரளாக நிற்கும் சொல் அது. ஆர்டினன்ஸ் பன்மை ஏற்கும், எண்ணும் ஆண்டும் ஏற்கும், பிறப்பித்தல், நிறைவேற்றுதல், நீக்குதல், காலாவதியாதல் ஆகிய வினைகளோடு சேரும். பன்மை விகுதி இருந்தாலோ, பக்கத்தில் ஓர் ஆண்டு எண் ஒட்டியிருந்தாலோ அது சட்டம் என்று ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம்.

வடமராட்சி எழுதியது:

இந்த இழையைப் படித்து வருகையில் ஒரு கவலை எழுந்தது. ஆர்ட்னன்ஸ் எது, ஆர்டினன்ஸ் எது என்பதை இங்கே தெளிவாகப் பிரித்துவிட்டீர்கள். ஆனால் ஆர்டினன்ஸ் என்றால் அவசரச் சட்டம் என்று வழக்கறிஞர் அவர்கள் போட்ட சமன்பாட்டை எவரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. இலங்கையில் அந்தச் சமன்பாடு முழுப் பிழையாகும்.

நான் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். எங்கள் நாட்டில் ஆர்டினன்ஸைக் 'கட்டளைச் சட்டம்' என்று வழங்குகிறோம். பிரித்தானியர் காலத்தில் 1833 முதல் இயங்கிய சட்டவாக்க சபையும் அதற்குப் பின்வந்த அரசாங்க சபையும் ஆக்கிய சட்டங்களுக்கெல்லாம் அதுவே பெயர். அவை அவசரத்தில் பிறந்தவையும் அல்ல, ஆறு வாரத்தில் இறந்துபோகிறவையும் அல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் காரணமாகவே இன்றைக்கும் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. சாட்சியங்களை ஏற்பதா தள்ளுவதா என்பதை எங்கள் நீதிமன்றங்கள் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றிய கட்டளைச் சட்டம் 1911இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர் பாராளுமன்றம் இயற்றியவை வெறுமனே 'சட்டம்' எனப்படுகின்றன. அதற்கு முந்தியவை கட்டளைச் சட்டம் என்ற பெயரோடு அப்படியே உயிர்வாழ்கின்றன.

தமிழ்நாட்டில் அச்சான சில நூல்களில் இவற்றை 'இலங்கைச் சான்று அவசரச் சட்டம்' என்ற பாணியில் எழுதியிருப்பதைக் கண்டு நொந்திருக்கிறேன். இதில் மிக மோசமாகக் குழப்பக்கூடியது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இலங்கையில் அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்துவது அந்தச் சட்டத்தின் கீழ்தான். ஆனால் அந்தச் சட்டம் நிரந்தரமானது. அதன் கீழ் ஆக்கப்படுபவை அவசரகால ஒழுங்குவிதிகள். இதனை 'அவசரச் சட்டம்' என்று பெயர்த்துவிட்டால், எங்கள் பத்திரிகை வாசகருக்கு அவசரகால ஒழுங்குவிதி என்று படும். இந்திய வாசகருக்கு ஆறு வார ஆயுளுள்ள ஒன்று என்று படும். உண்மையில் அது இரண்டுமில்லை. ஓர் 'ஐ' எழுத்தைத் தவறவிட்டால் வாசகர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் நிலைத்துவிடும்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

இந்திய நூலுக்கு அவசரச் சட்டம் என்பதே சரி என்பதில் எனக்கு மாற்றமில்லை. கேட்கப்பட்டதும் இந்திய நூலைப் பற்றித்தான். ஆனால் வடமராட்சி ஐயா காட்டும் வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு பொது இழை ஓடுவதாக நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் அரசரும் பிரபுக்கள் அவையும் மக்களவையும் மூவருமாகச் சேர்ந்து இயற்றினால்தான் அது முழுமையான சட்டம். அந்த மூவருள் ஒருவர் குறைந்தாலும் ஆர்டினன்ஸ் என்றே பெயரிட்டார்கள். 1642 மார்ச்சில் முதலாம் சார்லசு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பகை முற்றியபோது, மன்னருடைய இசைவில்லாமலேயே நாட்டுக் காவற்படையைத் தன் கைக்குள் கொண்டுவர நாடாளுமன்றம் ஒரு விதியை நிறைவேற்றி அதற்கு மிலிஷியா ஆர்டினன்ஸ் என்று பெயர் வைத்தது. இந்தியாவில் 1861ஆம் ஆண்டின் கவுன்சில்கள் சட்டம், அவை இல்லாமலேயே தலைமை ஆளுநர் ஒருவராக ஆறு மாதம் வரை செல்லுபடியாகும் ஆர்டினன்ஸ் பிறப்பிக்க அதிகாரம் அளித்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வழியாக அதுவே இன்றைய 123ஆம் உறுப்புக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரங்களும் முதலில் ஆர்டினன்ஸாகவே வந்தன என்பதை நினைவில் கொள்ளலாம். இலங்கையில் அதே பெயரைச் சுமந்தது ஒரு குடியேற்ற நாட்டுச் சட்டவாக்க சபை. அமெரிக்காவில் நகர மன்றங்கள் இரவில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது, வீட்டுக்கு முன் புல்லை உயரமாக வளரவிடக் கூடாது என்று இயற்றும் விதிகளுக்கும் அதுவே பெயர். முழு இறைமை கொண்ட சட்டமன்றத்தின் வழியாக வராமல், அதற்குக் கீழே அல்லது அதற்குப் பக்கவாட்டில் பிறக்கும் சட்டம் என்பதே எல்லா இடத்துக்கும் பொதுவான கரு. அவசரம் என்பது இந்தியாவில் பின்னர் ஒட்டிய நிறம்.

ஈப்போ அன்பர் எழுதியது:

மலேசியாவில் இரண்டு வழக்குமே அருகருகே இருக்கின்றன. கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 150ஆம் பிரிவின்படி, அவசரகாலப் பிரகடனம் நடப்பில் இருக்கும்போது மாமன்னர் பிறப்பிப்பது ஆர்டினன்ஸ். 2021 ஜனவரியில் பெருந்தொற்றின்போது பிறப்பிக்கப்பட்டது அத்தகையது. அதனை அவசரகாலச் சட்டம் என்று தமிழ் நாளிதழ்கள் எழுதியதில் தவறு காண முடியாது. ஆனால் சரவாக் மாநிலச் சட்டமன்றம் சாதாரணமாகக் கூடி, விவாதித்து, நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டமும் ஆர்டினன்ஸ் என்றே பெயர் பெறுகிறது. 2015ஆம் ஆண்டின் சரவாக் வனச் சட்டமும் அப்படித்தான். தீபகற்ப மாநிலங்களில் அதே தரத்துச் சட்டத்துக்கு எனாக்ட்மெண்ட் என்று பெயர். ஹாங்காங்கில் சட்டமன்றம் இயற்றும் சட்டங்கள் எல்லாமே ஆர்டினன்ஸ். ஆகவே எந்த நாடு, எந்த அவை என்று பார்க்காமல் இந்தச் சொல்லைத் தமிழாக்கவே கூடாது என்பேன்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாரியத்தைத் 'தளவாடத் தொழிற்சாலை வாரியம்' என்றும், 2021இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்ததை 'அவசரச் சட்டம்' என்றும் திருத்திக் குறித்துவிட்டேன். தொழிற்சாலைகளுக்கு ஊர்ப்பெயர்களையே போடும்படி பதிப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். நூலின் பிற்பகுதியில் மேலும் ஓர் இடர் இருக்கிறது. பயிற்சித் தளங்களில் சுடப்பட்டு வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடக்கும் குண்டுகளைப் பற்றிய பகுதியில் 'அன்எக்ஸ்ப்ளோடட் ஆர்ட்னன்ஸ்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. 'வெடிக்காத தளவாடம்' என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும் போலிருக்கிறது. இங்கே என்ன செய்வது?

வடமராட்சி எழுதியது:

தளவாடம் என்ற சொல்லை இந்தப் பகுதிக்குக் கொண்டுவரவே வேண்டாம். எங்கள் ஊரில் தளபாடம் என்றால் மேசை, நாற்காலி, அலுமாரி. வடிவத்தில் அதனை ஒட்டிய தளவாடம் வெடிக்காமல் கிடக்கிறது என்று எழுதினால் வன்னியில் வாசிக்கும் ஒருவருக்கு என்ன தோன்றும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கில் நிலத்தைத் துப்புரவாக்கும் பணியில் இந்த ஆங்கிலத் தொடர் நாள்தோறும் புழங்குகிறது. அறிக்கைகளில் 'வெடிக்காத வெடிபொருட்கள்' என்று எழுதுகிறோம். மக்கள் பேசும்போது 'வெடிக்காத செல்' என்பார்கள். பத்திரிகைகள் 'வெடிக்காத எறிகணை' என்று எழுதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மிதிவெடியையும் கண்ணிவெடியையும் இதனோடு சேர்த்துவிடக் கூடாது. மிதிவெடி என்பது ஆள் வந்து மிதிக்கட்டும் என்று திட்டமிட்டுப் புதைத்து வைப்பது. வெடிக்காத வெடிபொருள் என்பது ஏவப்பட்டு, வெடித்திருக்க வேண்டிய நேரத்தில் வெடிக்கத் தவறியது. அகற்றும் முறைகளும் வேறுபடும், பன்னாட்டு உடன்படிக்கைகளும் வேறுபடும். 2017 டிசம்பரில் இலங்கை சேர்ந்துகொண்ட ஒட்டாவா உடன்படிக்கை ஆளெதிர் மிதிவெடிகளுக்கு மட்டுமே உரியது.

ஆவடி வாசி எழுதியது:

இங்கும் அதே நிலைதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் அனுமந்தபுரம் பயிற்சித் தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவ்வாறான குண்டு கிடைத்தால் 'வெடிக்காத ராக்கெட் லாஞ்சர் குண்டு' என்றுதான் செய்தி வரும். நூலில் பொதுப்பெயராக 'வெடிக்காத வெடிபொருள்' என்று வைத்துக்கொண்டு, மூலத்தில் குறிப்பிட்ட வகை தெரியும் இடத்தில் குண்டு, எறிகணை என்று பிரித்து எழுதலாம். அந்தப் பகுதியில் பழைய இரும்பு பொறுக்குபவர்களைப் பற்றி ஏதேனும் வந்தால், அங்கே கண்டிப்பாகக் 'குண்டு' என்றே போடுங்கள் தம்பி. அவர்களுக்கு அது வேறு எந்தப் பெயராலும் தெரியாது.